ஏழாம் படியின் தூசி

ஜெருசலேம் மதிலுக்குள், எண்ணெய்க் கடைத் தெரு முடிகிற மூலையில், பூமிக்கு அடியில் இறங்குகிற ஒரு சின்னக் கோவில் இருக்கிறது. இறங்கப் பதின்மூன்று படிகள். மேல் ஆறு படிகளை அர்மேனியர் பெருக்குவார்கள். கீழ் ஆறு படிகளை ரூம் சபையார், அதாவது கிரேக்கச் சடங்கை அரபியில் நடத்துகிற எங்கள் ஊர்க்காரர்கள், பெருக்குவார்கள். நடுவில் ஏழாவது படி ஒன்று கிடக்கிறது. அது தங்களுடையது என்று இரண்டு தரப்பும் சொல்வதால் அதை யாரும் பெருக்குவதில்லை. பெருக்க வந்தால் மற்றவர் விடமாட்டார். நூறு வருஷத் தூசியும் மெழுகும் விளக்குப் புகையும் அதன்மேல் படிந்து, கல் என்ன நிறம் என்பதே யாருக்கும் தெரியாமல் போயிற்று.

இதென்ன கூத்து என்று கேட்கிறவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். எங்கள் கோவில்களில் பெருக்குகிறவருக்கே படி, விளக்கேற்றுகிறவருக்கே மாடம். ஒரு காரியத்தை ஒரே ஒருமுறை செய்து, எதிர்த்தரப்பு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் முடிந்தது கதை. அது முன்னுதாரணம். அப்புறம் எந்த ராஜா வந்தாலும் அசைக்க முடியாது. முற்றத்து அத்திமரத்தடியில் எந்தக் காலத்திலோ ஒரு அர்மேனியச் சமையல்காரர் தெருப்பூனைக்குத் தட்டில் பால் வைத்தார். ரூம் தரப்பு அன்றைக்கு அசட்டையாக இருந்துவிட்டது. பூனை போயிற்று, சமையல்காரரும் போய்ச் சேர்ந்தார். தட்டு மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. தினமும் அதில் பால் ஊற்றுகிறார்கள். யார் வீட்டுப் பூனைகளோ வந்து குடித்துக் கொழுக்கின்றன.

மேல் ஆறு படிகளைப் பெருக்கியவள் ஷூஷான் என்ற அர்மேனிய விதவை. ஊரே முன்னால் நடந்ததைக் கட்டிக்கொண்டு அழுகிற இடத்தில், அவளுக்கு முன்னால் என்று ஒன்றுமே கிடையாது. பெரிய போரின்போது வடக்கேயிருந்து விரட்டப்பட்டு நடந்தே வந்தவர்களில் ஒருத்தி, கழுதையின் சேணப்பையில் அவளை வைத்துக் கொண்டுவந்தாள். மடத்து வாசலில் குழந்தையை இறக்கிவிட்டு, அந்தப் பெண் விடிவதற்குள் இறந்துபோனாள். அவள் தாயா, அத்தையா, வழியில் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டவளா, யாருக்கும் தெரியாது. லில்லி பூத்திருந்த மாதம் என்பதால் அர்மேனிய பாஷையில் அந்தப் பூவின் பெயரையே வைத்தார்கள். தகப்பன் பெயர் எழுதவேண்டிய கட்டத்தில் மடத்து எழுத்தர் ஒரு கோடு இழுத்தார். இருபத்திரண்டு வயதில் ஒரு செருப்புத் தைப்பவனுக்குக் கட்டிவைத்தார்கள். நல்ல மனுஷன்தான், நாலு வருஷத்தில் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அதன்பிறகு மடம் அவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்தது. துடைப்பத்தோடு ஒரு அறையும் சேர்ந்து வந்தது.

மற்றவர்கள் சலித்துக்கொள்கிற அந்த வழக்கங்களெல்லாம் ஷூஷானுக்கு உயிர். இடக்கை சுவரில், வலக்கை துடைப்பத்தில், முதல் படியில் மூன்று இழுப்பு, இரண்டாவதில் நான்கு. ஏன் என்று கேட்டால், முன்னால் இருந்தவள் அப்படித்தான் பெருக்கினாள், அவளுக்கு முன்னால் இருந்தவளும் அப்படித்தான். விடியற்காலையில் கீழே விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்க, அவள் குனிந்து முதல் இழுப்பை இழுக்கும்போது, முன்பு அதே இடத்தில் குனிந்த பெண்களெல்லாம் வரிசையாகத் தன் பின்னால் நிற்பதுபோல் இருக்கும். அவர்களுடைய பாவாடை தன் குதிகாலில் உரசுவதாகக்கூட நினைத்துக்கொள்வாள். யார் பெற்ற மகள் என்று தெரியாதவளுக்கு அந்த வரிசை தாய்வீடு மாதிரி.

கீழேயிருந்து இன்னொரு துடைப்பத்தின் சத்தம் ஏறிவரும். அது மித்ரி. ரூம் சபையின் கீழ் ஆறு படிகள் நாலு தலைமுறையாக அவன் குடும்பத்தினுடையவை. உலகத்தில் எல்லோரும் மேலிருந்து கீழே பெருக்குவார்கள். மித்ரி கீழிருந்து மேலே பெருக்குவான். அவனுடைய கொள்ளுத்தாத்தா ஒருநாள் ஏதோ நினைப்பில் அப்படித் தொடங்கிவிட்டார். திருத்தினால் எதிர்த்தரப்பு எதையாவது கிளப்பும் என்று பயந்து, நாலு தலைமுறையாகத் தூசியை மலையேற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

பத்தொன்பது வருஷம் இப்படி. அவள் மேலிருந்து ஆறாவது படிவரை இறங்குவாள். அவன் கீழேயிருந்து தன் ஆறு படியையும் ஏறி, மேலிருந்து எண்ணினால் எட்டாவதில் நிற்பான். நடுவில் அந்த அழுக்குப் படி. அவரவர் படியில் குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசுவார்கள். மித்ரி எள் தூவிய ரொட்டி வளையம் ஒன்று கொண்டுவருவான்; பிட்டு, ஏழாம் படிக்கு மேலாகக் கை நீட்டிக் கொடுப்பான். காற்றுக்கு இன்னும் யாரும் உரிமை கொண்டாடவில்லை. அவன் மனைவி செத்தது, மகள் நஜ்லா வளர்ந்தது, ஷூஷானின் பல்வலி, எல்லாம் அந்தப் படியைத் தாண்டித்தான் போய் வந்தன.

அந்த வருஷம் நோன்பு தொடங்குகிற வாரத்தில் மித்ரி ரொட்டியைப் பிட்டவன் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"சித் ஷூஷான்" என்றான். அம்மணி என்கிற மரியாதையை அவன் ஒருநாளும் விட்டதில்லை.

"சொல்லுங்க, அபூ நஜ்லா." நஜ்லாவின் அப்பா என்றுதான் அவளும் மரியாதையாகக் கூப்பிடுவாள்.

"நஜ்லா கட்டிக்கிட்டு பெத்லகேம் போயிட்டா. வீட்டுல இப்ப நானும் சுவருந்தான். அந்தச் சுவரு வேற பேச ஆரம்பிச்சுடுச்சு."

"என்ன பேசுது?"

"கேளுடா மடையா, கேளுடாங்குது."

"எதைக் கேக்கச் சொல்லுது?"

"உங்களைத்தான்."

ஷூஷான் எழுந்தாள். ரொட்டியை வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டாள். அறைக்கு வந்த பிறகுதான் அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தது தெரிந்தது.

அர்மேனியர் தரப்பில் கோவில் பொறுப்பு யெஸ்னிக் பாதிரியாரிடம் இருந்தது. கெட்டவரல்ல. நானூறு வருஷத்துப் பதிவேடுகளைக் கரைத்துக் குடித்ததில் வேறு எதுவும் உள்ளே இறங்காமல் போனவர், அவ்வளவுதான். ஷூஷான் அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஹாய்ர்" என்றாள். எங்கள் பக்கத்தில் பாதிரியாரை அபூனா, அப்பா, என்று கூப்பிடுவதற்கு அவர்கள் பாஷையில் அதுதான். "கீழ்ப் படி மித்ரியை நான் கட்டிக்கிட்டா, துடைப்பம் என்கிட்டயே இருக்குமா?"

"இதுக்கு முன்னால நடந்திருக்கா?"

"தெரியல, ஹாய்ர்."

"எனக்குத் தெரியும். நடக்கல. பொம்பளை புருஷன் சபைக்குப் போறா. ரூம்காரி கையில நம்ம துடைப்பமா? நாளைக்கே அவங்க எழுதி வச்சுப்பாங்க, மேல் ஆறு படியும் நாங்கதான் பெருக்கினோம்னு. கட்டிக்கிறதுன்னா கட்டிக்கோ, மகளே. துடைப்பத்தையும் அறைச் சாவியையும் வச்சுட்டுப் போ."

அறைக்காக அவள் கவலைப்படவில்லை. மித்ரி வீட்டில் இடம் இருந்தது. ஆனால் துடைப்பம் போனால் அந்த வரிசையும் போய்விடும். பின்னால் யாரும் நிற்கமாட்டார்கள். பதிவேட்டில் இழுத்த கோடு மட்டும் மிஞ்சும். நோன்பு நாள் முழுவதும் இதையே நினைத்து நினைத்துத் தேய்ந்தாள். ஒருபக்கம் அவளுக்கு இருந்த ஒரே தாய்வீடு, இன்னொரு பக்கம் எள் ரொட்டியோடு நீண்ட ஒரு கை. சில காலைகளில் கண்ணை மூடினால், பின்னால் நிற்கிற பெண்களே தன்னை மெல்லக் கீழே தள்ளுவதாகத் தோன்றும். போயேன்டி, எத்தனை நாள்தான் இங்கேயே நிற்பாய் என்கிற மாதிரி.

ஈஸ்டருக்கு மறுநாள் காலை. கோவிலில் முந்தின நாள் கூட்டத்தின் சாம்பிராணி இன்னும் கலையவில்லை. படிகளெல்லாம் பாதிப் புகைக்குள் மிதந்துகொண்டிருந்தன. மேல் வாசலிலிருந்து ஒரு பட்டை வெளிச்சம் இறங்கி, எங்கே போவதென்று தெரியாமல் நடுவில் நின்றது. ஷூஷான் பெருக்கிக்கொண்டே இறங்கினாள். மித்ரி பெருக்கிக்கொண்டே ஏறினான். அவன் முகம் தெரிவதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

"சரிங்க."

"என்ன சரி?"

"சுவரு கேக்கச் சொன்னதுக்கு. துடைப்பத்தை வச்சுட்டு வர்றேன்."

கீழே சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது, ஆனால் வேறு மாதிரி. பெருக்குகிற சத்தமாகவே இல்லை. யாரோ தானியம் அள்ளி வீசுவதுபோல் இருந்தது. மித்ரி ஏதோ முணுமுணுத்துப் பாடினான். ஷூஷானும் தன் படியை எத்தனை இழுப்பு என்று எண்ணாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். கால் தரையில் பட்டதாகவே அவளுக்கு நினைவில்லை. நாற்பத்தைந்து வயதில் இப்படி ஒரு காலை வரும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

திடீரென்று அவள் துடைப்பத்தில் ஏதோ தட்டியது. குனிந்து பார்த்தாள். இன்னொரு துடைப்பம். பத்தொன்பது வருஷத்தில் அந்த இரண்டும் தொட்டுக்கொண்டதே இல்லை.

மித்ரி ஏழாம் படியில் நின்றுகொண்டிருந்தான். படியின் பாதி சுத்தமாக இருந்தது. நூறு வருஷ அழுக்குக்குக் கீழே கல் ரோஜா நிறமாக இருந்தது. மற்ற பன்னிரண்டும் வெறும் வெள்ளைக் கல். இது மட்டும் குளித்துவிட்டு வந்த குழந்தையின் கன்னம் மாதிரி. இருவரும் எதுவும் தோன்றாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பெருக்கிட்டான்! நம்ம மித்ரி பெருக்கிட்டான்!"

கீழே விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த ரூம் பாதிரியார் கெராசிமோஸ் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. யெஸ்னிக் ஒற்றைக் காலில் செருப்போடு ஓடிவந்தார். ஒருவர் தாடியை ஒருவர் பிடிக்காத குறை. கடைசியில் ஆளுநர் அலுவலகத்திலிருந்து அதீப் பே, அதாவது அதீப் ஐயா, என்ற அதிகாரி வந்து, மித்ரியின் முறத்திலிருந்த தூசியை ஒரு துணியில் கொட்டி, முடிச்சுப் போட்டு, அரக்கு வைத்து எடுத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் முற்றத்தில் விசாரணை என்றார். அதுவரை ஏழாம் படிக்கு ஒரு போலீஸ்காரன் காவல்.

அன்று மாலையே யெஸ்னிக், ஷூஷானின் அறைக்கு வந்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல்முறை.

"வாயைத் திறக்காம நின்னியே மகளே. நீ சும்மா நின்னதே அவனுங்களுக்குச் சம்மதம்னு ஆயிடும். படி போச்சுன்னா உன் துடைப்பமும் போச்சு, தெரியுமில்ல?"

"தெரியும், ஹாய்ர்."

"ஒரு வழி இருக்கு. நீதான் பெருக்கச் சொன்னேன்னு சொல்லு. நம்ம ஆள் சொல்லி ஒருத்தன் செஞ்சா அது நாம செஞ்சது. படி நம்மளுது." குரலைத் தாழ்த்தினார். "சொன்னியானா, அவனையும் கட்டிக்கோ, துடைப்பத்தையும் வச்சுக்கோ. முன்னுதாரணம்தானே, தேடினா கிடைக்கும். நான் தேடறேன்."

அவர் போனபிறகு அவள் விளக்கைக்கூட ஏற்றாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டும் வேண்டும் என்று நோன்பு முழுக்கத் தவித்தாளே, இதோ இரண்டும் தட்டில் வைத்துக் கொடுத்தாயிற்று. ஒரே ஒரு பொய். ஆனால் அந்தப் பொய்யில் மித்ரி என்ன ஆவான்? பொம்பளை சொன்னாள் என்று சொந்தச் சபையின் படியை அர்மேனியருக்குத் தூக்கிக் கொடுத்தவன் ஆவான். ரூம் தெருவில் ஒருவரும் அவனுக்குக் காலை வணக்கம் சொல்லமாட்டார்கள். நாலு தலைமுறைத் துடைப்பம் அவனோடு முறியும். தனக்கு ஒரு வரிசை கிடைக்க அவனுடைய வரிசையை அறுப்பதா? அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது, அந்த யோசனையில் ஒரு நொடி இனிப்பு இருந்ததற்காக.

மறுநாள் போலீஸ்காரன் முதுகைத் திருப்பியிருந்தபோது மித்ரி கீழேயிருந்து கிசுகிசுத்தான்.

"எங்க அபூனா என்னை வேற சொல்லச் சொல்றாரு, சித் ஷூஷான். அவரு ஏவித்தான் பெருக்கினேன்னு. சொன்னா உங்களைக் கட்டிக்க ஆசீர்வாதமும் செய்வாராம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தலை வலிக்குதுன்னு சொன்னேன்."

மூன்றாம் நாள் முற்றத்தில் மேசை போட்டார்கள். ஒருபக்கம் யெஸ்னிக்கும் அவருடைய பதிவேடுகளும், எதிர்ப்பக்கம் கெராசிமோஸும் அவருடைய பதிவேடுகளும். நடுவில் அதீப் பே, முன்னால் காப்பி, பக்கத்தில் அரக்கு வைத்த தூசி மூட்டை. அவர் முதலில் ஷூஷானைக் கூப்பிட்டார்.

"அம்மா, திங்கட்கிழமை காலையில இந்த ஆள் ஏழாம் படியைப் பெருக்கினாரா?"

யெஸ்னிக் அவளைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். ஷூஷான் அவர் பக்கம் திரும்பவில்லை.

"பெருக்கல, பே."

கெராசிமோஸ் துள்ளி எழுந்தார். "பொய்! என் கண்ணால பாத்தேன்!"

"பெருக்கல" என்றாள் மறுபடியும். "சந்தோஷப்பட்டாரு. கையில துடைப்பம் இருந்துச்சு."

அதீப் பே காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "எதுக்குச் சந்தோஷம்?"

"என்னைக் கட்டிக்கிறீங்களான்னு கேட்டிருந்தாரு. நாப்பது நாள் கழிச்சு அப்பத்தான் சரின்னு சொன்னேன். படி எங்க முடியுதுன்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. யாரும் ஏவல. நானும் சொல்லல, அவங்க அபூனாவும் சொல்லல." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "துடைப்பத்தை எடுத்துக்கிறதுன்னா எடுத்துக்குங்க. நான் பொய் சொல்லி எதையும் வச்சுக்க மாட்டேன்."

அத்திமரத்தடியில் பூனை பால் நக்குகிற ஒலி மட்டும் கேட்டது. அதீப் பே மித்ரியைப் பார்த்தார். மித்ரி ஐம்பது வயதுக்காரன், காதுவரை சிவந்து நின்றான்.

"ஆமாங்க, பே. ஷூஷான் சொல்றது நிஜம்" என்றான். சித் என்பது எங்கோ விழுந்துவிட்டது. அவன் கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள்.

"சரி. சந்தோஷத்துல ஒருத்தன் தகராறுல இருக்கிற படியைப் பெருக்கினதுக்கு முன்னுதாரணம் இருக்கா?" என்று அதீப் பே இருபக்கமும் கேட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். கோபத்தில் பெருக்கியது இருந்தது, குடித்துவிட்டுப் பெருக்கியது இருந்தது, வேண்டுமென்றே பெருக்கி மண்டை உடைந்தது நிறைய இருந்தது. சந்தோஷத்தில் பெருக்கியது ஒன்றுகூட இல்லை. "அப்படின்னா இது யாரோட செயலும் இல்ல. பிழை. எழுதிடலாம்."

எழுதுவது என்ன லேசா? இரண்டு மணி நேரம் ஆயிற்று. 'மகிழ்ச்சி' என்று எழுதக்கூடாது என்றார் கெராசிமோஸ், ரூம் தரப்பு மகிழ்ந்ததாக ஆகிவிடுமாம். 'கவனக்குறைவு' கூடாது என்றார் யெஸ்னிக், அது யாருடைய கவனம் என்ற கேள்வி வருமாம். 'ஏழாம்' என்று மேலிருந்து எண்ணுவதா கீழிருந்து எண்ணுவதா என்று அரைமணி நேரம். பதின்மூன்றில் எப்படி எண்ணினாலும் நடுப்படி ஏழுதான் என்று போலீஸ்காரன் சொன்னான். அவனை யாரும் மதிக்கவில்லை. கடைசியில் இப்படி எழுதி, மூன்று பேரும் மூன்று பிரதியில் கையெழுத்துப் போட்டார்கள்:

'அர்மேனியரின் மேல் ஆறு படிகளைப் பெருக்குபவளான ஷூஷான், ரூம் சபையின் கீழ் ஆறு படிகளைப் பெருக்குபவனான மித்ரிக்கு மனைவியாகச் சம்மதித்த நேரத்தில், மேற்படி மித்ரியின் துடைப்பம் மனித மகிழ்ச்சியால் நடுப்படியின் மேல் சென்றது. நடுப்படி முன்பு இருந்தபடியே இருக்கவேண்டும். துடைப்பம் சென்றது முன்னுதாரணம் ஆகாது.'

முன்பு இருந்தபடி என்றால், அழுக்கோடு. அதீப் பே அரக்கை உடைத்து, தூசியை ஒரு கரண்டியால் சரிபாதியாக இரண்டு முறத்தில் பிரித்தார். ஒருவர் மட்டும் கொட்டினால் அது அவருடைய படியாகிவிடும். ஆகவே இருவரும் ஒரே நேரத்தில் கொட்டவேண்டும். ஷூஷான் ஆறாவது படியிலும் மித்ரி எட்டாவது படியிலும் குனிந்து நின்றார்கள். மேலே ஊரே எட்டிப் பார்த்தது. அதிகாரி ஒன்று, இரண்டு, மூன்று என்றார். தூசி இரண்டு பக்கத்திலிருந்தும் இறங்கியது. வாசல் வெளிச்சத்தில் ஏறி, சுழன்று, இவள் பக்கத்துத் தூசி எது அவன் பக்கத்துத் தூசி எது என்று தெரியாமல் ஒன்றாகி, ரோஜா நிறக் கல்லின்மேல் மெல்லப் படிந்தது. அது படிந்து முடிய வெகுநேரம் ஆனது. கல்யாணத்தன்று பாதிரியார்கள் சடங்குப்படி மணமக்கள் தலையில் கிரீடம் வைத்ததைவிட இதுதான் அவளுக்குக் கடைசிவரை நினைவில் இருந்தது.

மறுநாள் காலை ஷூஷான் அறைச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு யெஸ்னிக்கிடம் போனாள். அவர் சொன்ன பொய்யை அவள் சொல்லவில்லை. ஆகவே அவர் வாக்கும் இல்லை. அது அவளுக்குத் தெரியும். சாவியை மேசைமேல் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. நேற்றைய பிரதியைத் திறந்து வைத்துக்கொண்டு, தூங்காத கண்ணோடு உட்கார்ந்திருந்தார்.

"இதைப் படிச்சியா?"

"எனக்கு அரபி எழுத்து வராது, ஹாய்ர்."

"துடைப்பம் போனது முன்னுதாரணம் ஆகாதுன்னு எழுதினோம். அதுக்கே ரெண்டு மணி நேரம் மல்லுக்கட்டினோம். அதுக்கு மேல இருக்கிற வரியை ஒருத்தனும் பாக்கல." விரலால் தட்டினார். "மேல் படி ஷூஷான், கீழ் படி மித்ரிக்கு மனைவியா சம்மதிச்சா. ரெண்டு பேரும் பெருக்கறவங்க. நிச்சயம் ஆன பிறகும் உன் கையில துடைப்பம் இருக்குன்னு ஆயிடுச்சு. நான் ஆட்சேபம் சொல்லல. அவனும் சொல்லல. கையெழுத்துப் போட்டோம்."

ஷூஷானுக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. "அப்ப, முன்னால நடந்திருக்குன்னு ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சே!" என்று அவர் புலம்பினார். "சாவியை எடுத்துக்கோ, துடைப்பத்தையும் வச்சுக்கோ. ஆனா இதோட போகுமா? நாளைக்கு உனக்கப்புறம் எவளாவது வந்து இதே இடத்துல நிப்பா. உன் பேரைச் சொல்லுவா. ஷூஷானுக்குக் குடுத்தீங்களே, எனக்கு ஏன் குடுக்கமாட்டீங்கன்னு கேப்பா. இருபது வருஷம் கழிச்சுக் கேப்பா, நூறு வருஷம் கழிச்சும் கேப்பா. அவளுக்கு நாங்க என்ன பதில் சொல்றது?"

இதை அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. தனக்குப் பின்னால் நிற்கிறவர்களை மட்டுமே இத்தனை நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். முன்னால் வரப்போகிற ஒருத்தி, முகம் தெரியாத யாரோ ஒரு பெண், தன் பெயரைச் சொல்லி நிற்பாள் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. கண்ணில் நீர் பொங்கி, மேசையும் பாதிரியாரும் பதிவேடும் எல்லாம் கரைந்தன. துடைத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

"குடுத்தோம்னு சொல்லுங்க, ஹாய்ர்" என்றாள்.